சார்ஜனுக்கு அரைத்த மிளகாய்

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தொடங்கியது இது. பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பாதையில் ஓரிடத்தில் இறங்கி, மலையில் இரண்டு கட்டை தூரம் ஏறினால் எங்கள் தோட்டம். நான் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மன் திருவிழாவுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. என் வீட்டுக்காரர் அந்த வருஷம் காவடி எடுப்பதற்காக விரதம் இருந்தார். காலையில் குளித்து, திருநீறு பூசிக்கொண்டு, எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வாங்கக் கீழே ரோட்டுக்கு இறங்கினார். வளைவில், ஓரமாக நடந்து வந்தவரை மரக்கறி லொறி ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வளைவில் கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன்தான் ஓடி வந்து தூக்கியிருக்கிறார். லொறி நம்பரைப் பார்த்து வைத்தவரும் அவர்தான்.

பதுளை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முச்சக்கர வண்டி பிடித்துக் கொடுத்தது எங்கள் தோட்டத் தலைவர். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இனிமேல் மலையேறி வேலை செய்ய முடியுமா என்பதே சந்தேகம் என்று டொக்டர் சொன்னார்.

மத்தியானம் பொலிஸ் சார்ஜன் ஒருவர் வார்டுக்கு வந்தார். சிங்களவர். தமிழ் ஓரளவு பேசினார், எழுதத் தெரியாது. வந்தவர் என் வீட்டுக்காரரின் முகத்துக்குக் கிட்டக் குனிந்து மோந்து பார்த்தார்.  ஒரு காலத்தில் என் வீட்டுக்காரர் குடித்தவர்தான், மறைக்கவில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அம்மன் சந்நிதியில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்து குடியை விட்டவர். அதுவும் விரதத்தில் இருக்கிற மனுஷன். தோட்டத்து ஆள் என்றால் குடித்துவிட்டுத்தான் விழுந்து கிடப்பான் என்று இந்தக் காக்கிச் சட்டைக்கு நினைப்பு என்று எனக்குள் திட்டினேன். வெறுப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

முறைப்பாடு கொடுக்க பொலிசுக்கு வரச் சொன்னார். எந்தப் பொலிஸ் நிலையம் என்று இங்கே எழுதாமல் விடுகிறேன். மறுநாள் வேலைக்குப் போகாமல் போனேன். மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அரை நாள் பெஞ்சில் இருந்த பிறகு அந்தச் சார்ஜன் வெளியே வந்து, தமிழ் எழுதுகிற மாத்தயா இன்றைக்கு இல்லை, நாளைக்கு வாங்கம்மா என்றார். நீங்களே சிங்களத்தில் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்னேன். எங்கள் அப்பா, மாமனார், எல்லாரும் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எங்களுக்குப் பொலிசில் வேலை சீக்கிரம் முடிந்தால் போதும், நல்ல ஐயா என்று கும்பிட்டுவிட்டு வருவோம். அவர் தலையை ஆட்டி, வேணாம், நாளைக்கு வாங்க என்றே சொன்னார்.

இரண்டாம் நாளும் போனேன். தமிழ் எழுதுகிறவரைப் பெரஹரா ஊர்வலத்துப் பந்தோபஸ்துக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். மூன்றாம் நாள் அவர் லீவாம். மூன்று நாள் சம்பளம் போனது போகட்டும். கீழே ஆஸ்பத்திரியில் ஒரு மனுஷன் கால் முறிந்து கிடக்க, மேலே வீட்டில் அடுப்பெரியாமல் கிடக்க, நான் பொலிஸ் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்காரர் ஒருவர் என்னைக் காட்டி மற்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பேச்சுச் சிங்களம் எனக்குத் தெரியும். எங்களைக் கேவலமாக எப்படிச் சொல்வார்களோ அப்படித்தான் சொன்னார். அந்தச் சிரிப்புக்கு இன்றைக்கும் நான் மன்னிப்புக் கொடுக்கவில்லை.

நாங்கள் இருக்கிற வரிசை வீடுகளில், லயத்தில், பேச்சு வேறுமாதிரி இருந்தது. லொறிக்காரன் சார்ஜனைக் கவனித்துவிட்டான், அதனால்தான் இழுத்தடிக்கிறார் என்றார்கள். பக்கத்துக் காம்பரா வீட்டு அக்கா, கொழுந்து மலையில் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னாள்.

"நேத்து டீக்கடைக்குப் பின்னால அந்த லொறியப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டு பேரும் நின்னாங்கடி. என் கண்ணால பாத்தேன். இன்னும் நீ நாளைக்கு நாளைக்குன்னு போயிட்டே இரு."

அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? பொலிஸ் என்றால் இப்படித்தான் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள் நான். தலைவரும் அதையே சொன்னார். அந்தச் சார்ஜன் ஒரு நாளும் எழுத மாட்டான், விடு, நான் வேறு ஐயாவைப் பிடிக்கிறேன் என்றார். லொறிக்காரர் தலைவருக்கு மச்சான் முறை. எங்கள் தோட்டத்து மரக்கறியை ஏற்றுகிறவர். அது எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு பக்கமும் தெரிந்த ஆள் நடுவில் நின்றால் நியாயம் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு புத்தி எனக்கு.

எங்கள் அம்மன் கோயிலுக்குப் பின்னால், மரத்தடியில் காளியின் கல் இருக்கிறது. அநியாயம் நடந்து, கேட்க நாதியில்லை என்றால், எங்கள் பெண்கள் அங்கே போய்க் காய்ந்த மிளகாயை அம்மியில் அரைத்து அந்தக் கல்லில் பூசுவார்கள். செய்தவன் பெயரையும் செய்த அநியாயத்தையும் மூன்று முறை சொல்ல வேண்டும். எரிச்சல் தாங்காமல் காளி எழுந்து போய்க் கேட்பாள் என்பது நம்பிக்கை. சின்ன விஷயத்துக்கெல்லாம் யாரும் செய்ய மாட்டார்கள். எனக்குத் தெரிந்து அதற்கு முன்னால் அப்படிப் பூசியவர்கள் இரண்டு பேர்தான்.

அந்த வெள்ளிக்கிழமை நான் பூசினேன். ஈரச் சேலையோடு, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு அரைத்தேன். கோயிலுக்கு வந்த கூட்டம் முழுவதும் பின்னால் வந்து நின்றது. சார்ஜன் பெயர் எனக்குத் தெரியாது. சட்டையில் இருந்த நம்பர் மட்டும் மூன்று நாள் பெஞ்சிலிருந்து பார்த்துப் பார்த்து மனதில் பதிந்திருந்தது. அந்த நம்பரைச் சொல்லி, என் புருஷன் காலுக்கு விலை வாங்கியவன் கை விளங்காமல் போக வேண்டும் என்று மூன்று முறை கத்தினேன். பூசாரி ஐயா கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் குலவை போட்டார்கள். கூட்டத்தில் யாரோ அதை போனில் பிடித்து பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள்.

இரண்டு நாளில் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டி எழுதினார்கள். தாயே, வீரத்தமிழச்சியே என்று. சார்ஜனுக்கு எழுதியதை எல்லாம் இங்கே எழுத முடியாது, பத்திரிகையில் போட மாட்டார்கள். அவர் படமும் நம்பரும் வந்துவிட்டது. யாருக்கும் அவரைத் தெரியாது, யாரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மன் என் பக்கம் என்று நினைத்தேன். பத்து நாளில் சார்ஜனைத் தூரத்து நிலையம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, கோயிலில் போய்த் தேங்காய் உடைத்தேன்.

அதற்குள்ளேயே தலைவர் என்னை அதே நிலையத்தில் வேறு ஐயாவிடம் கூட்டிப்போயிருந்தார். என்ன மரியாதை! நாற்காலி போட்டார், பிளேன்டீ வரவழைத்தார். நான் டீயைக் குடிக்க, தலைவரும் அவரும் உள்ளே இருந்து பேசி எழுதினார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சிங்களத்தில் இரண்டு பக்கம். எழுத்தை வாசிக்க எனக்குத் தெரியாது. தலைவர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். இதுவல்லவா பொலிஸ், அந்தப் பாவியும் இருக்கிறானே என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். தலைவர் ஒன்றும் பேசாமல் நடந்தார். களைப்பு என்று நினைத்தேன்.

ஐந்து மாதம் கழித்து பதுளை கோர்ட்டிலிருந்து அழைப்பு வந்தது. என் வீட்டுக்காரர் இரண்டு கக்கத்திலும் கட்டையோடு வந்தார். வழக்கு கூப்பிட்டதும், தமிழில் சொல்கிற மொழிபெயர்ப்பாளர் நான் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தை வாசித்தார். என் கணவர் அன்று மதுபோதையில் இருந்தார். திடீரென்று ரோட்டுக்குக் குறுக்கே பாய்ந்தார். லொறிச் சாரதிமேல் பிழை இல்லை. இரு பக்கத்தாரும் சமாதானமாகிவிட்டோம், எங்களுக்கு முறைப்பாடு இல்லை. அடியில் என் கையெழுத்து. என் கையெழுத்தேதான்.

 பக்கத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அந்த மனுஷன் கால் முறிந்த அன்றுகூட அழாதவர். உதடு துடிக்க நின்றார். ஏழு வருஷ சத்தியம், விரதம், எல்லாவற்றையும் ஊர் நடுவில் வைத்துப் பொய்யாக்கினது வேறு யாருமில்லை, அவர் பெண்சாதி. என்னைக் கூண்டுக்குக் கூப்பிடும்வரை நான் காத்திருக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே அது பொய் ஐயா, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று கத்திவிட்டேன். சத்தம் போடாதே என்று அதட்டினார்கள். நீதவான் ஐயா மட்டும் மொழிபெயர்ப்பாளரை வைத்து நிதானமாகக் கேட்டார். வாசிக்கத் தெரியாத மொழியில் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்றும் கேட்டார். இலவசமாக வழக்குப் பேசுகிற சட்டத்தரணி ஒருவரை எங்களுக்குப் போட்டார்கள். பொலிஸ் புத்தகத்தையும், முதலில் விசாரித்த சார்ஜனையும் கொண்டுவரச் சொல்லி வழக்கைத் தள்ளிவைத்தார்கள்.

சார்ஜன் வருகிறார் என்றதும் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. அவர் எனக்காகவா பேசப்போகிறார்?

அடுத்த தவணைக்கு வந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. அவர் பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருந்ததை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லச் சொல்ல, எனக்கு நிலம் பிளந்தால் தேவலை என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் காயப்பட்டவரின் அருகில் போய்ப் பார்த்ததில் மதுவாடை இல்லை, நெற்றியில் திருநீறு இருந்தது, விரதத்தில் இருப்பதாகச் சொன்னார். இது முதல் நாள். டீக்கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த லொறியைக் கண்டுபிடித்து, உடைந்த முன் லைட்டைப் படம் பிடித்தேன். இது நாலாம் நாள். இரண்டாம் நாளிலிருந்து மூன்று நாளும் ஒரே குறிப்பு. மனைவி வந்தார். தமிழ் எழுதுபவர் இல்லை. சிங்களத்தில் எழுதக் கேட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாததால் எழுதவில்லை, திரும்ப வரச் சொன்னேன்.

நான் அவருக்கு மிளகாய் அரைத்தது இதற்குத்தான்.

நீதவான் அந்தப் பொய் வாக்குமூலத்தை ஒதுக்கிவிட்டார். என் வாக்குமூலத்தை அங்கேயே தமிழில் எடுத்தார்கள், எனக்கே வாசிக்கத் தந்தார்கள். கடைக்கார நானாவும் வந்து லொறி நம்பரைச் சொன்னார். பிறகு லொறிக்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டத்தில் எங்களுக்கு நியாயம் கிடைத்தது. ஆனால் நான் எழுத வந்தது அதை அல்ல.

அன்று கோர்ட்டு வாசலில் சார்ஜனிடம் போனேன். காலில் விழப் போனேன், விலகிக்கொண்டார். தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா என்றேன். சினிமாவில் மாதிரி பரவாயில்லை அம்மா என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ.

"எனக்குக் கோவம்தான் அம்மா. பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "எங்க அம்மா அந்த வீடியோ பாத்துட்டு மூணு நாள் சாப்பிடல. நாங்களும் காளி கோயிலுக்குப் போற ஆளுங்கதானே. பயம்."

நான் அழுதேன். அவர் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே பேசினார்.

"இப்ப என்னை நல்ல பொலிஸ்னு நீங்க சொல்லித் திரிய வேணாம். அந்த ஸ்டேஷனுக்குத் தமிழ் எழுத நிரந்தரமா ஒரு ஆள் போடுங்கன்னு எல்லாரும் சேர்ந்து கேளுங்க. நான் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சது. மொளகா பூச நூறு பேர் வந்தீங்க. அதுக்கு ஒரு ஆள் வரல."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து நான் தலைவரையும் அந்தப் பிளேன்டீ ஐயாவையும் வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் குறுக்கிட்டுச் சொன்னார்.

"தோட்டத்தான்னா குடிகாரன்னு அவுங்க எழுதுனாங்க. பொலிசுன்னா லஞ்சம்னு நீ கத்துன. அந்தாளு ஒருத்தர்தான் கிட்ட வந்து மோந்து பாத்துட்டு எழுதுனாரு."



பூசாரி ஐயாவிடம் போய்க் கேட்டேன். பூசினதை எடுக்க வழி உண்டா என்று. பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றிக் கழுவலாம், ஆனால் எந்த வாயால் சொன்னாயோ அந்த வாயால், எல்லாரும் கேட்க நான் சொன்னது பொய் என்று மூன்று முறை சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் வாருங்கள் என்று லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். பூசும்போது தள்ளுமுள்ளாக நின்ற கூட்டம் அது. கழுவும்போது வந்தது ஐந்து பெண்களும், கட்டை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்காரரும். டீக்கடையில் கண்ணால் பார்த்த அக்கா வரவில்லை. அவளுக்குக் குளிர்காய்ச்சலாம். போனில் பிடிக்க யாரும் இல்லாததால் என் பெறாமகளைப் பிடிக்கச் சொல்லி, அதையும் பேஸ்புக்கில் போடச் சொன்னேன். பழைய வீடியோவை ஆயிரம் ஆயிரமாகப் பார்த்தவர்கள், இதைப் பார்க்கவில்லை. பார்த்த ஒன்றிரண்டு பேரும் பொலிஸ் மிரட்டிச் சொல்லவைத்திருக்கிறான் என்று எழுதினார்கள். பழையது இன்றும் சுற்றுகிறது. எங்கள் பக்கம் எந்தப் பொலிஸ்காரர் எது செய்தாலும் அதைத் தூக்கிப் போடுகிறார்கள். அவர் முகத்தோடு.

கழுவிவிட்டுக் கோயில் முன்பக்கம் வந்தபோது தலைவர் நின்றார். தலையில் பரிவட்டம் கட்டாத குறைதான். அடுத்த திருவிழாவுக்கு அதையும் கட்டிவிட்டார்கள்.

"பொலிசுக்காரனுக்குப் பால் ஊத்துறியே தங்கச்சி, தோட்டத்துக்கு வெக்கமா இல்ல?" என்றார்.

"ஒங்களுக்கு மொளகா அரைக்காம விட்டிருக்கேன் தலைவரே. அதுக்குச் சாமிக்குச் சூடம் கொளுத்துங்க" என்றேன்.

சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஏன் சிரிக்க மாட்டார்? எழுதப்பட்டது என்ன என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கோர்ட்டில் வாசித்ததால் தோட்டத்துக்கே தெரியும். இருந்தும், நீங்கள் ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. கமிட்டியிலிருந்து இறக்கவில்லை. ஊர்பேர் தெரியாத சார்ஜன் என்றால் குலவை போட வருகிறோம். நம் வெள்ளை வேட்டிக்காரர் என்றால் தலையைக் குனிந்துகொள்கிறோம். அந்த நாற்காலி போட்ட ஐயாவும் அங்கேயே இருக்கிறார். போன மாதம் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. பொலிஸ் எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல இதை எழுதினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரித்தவரும் பொலிஸ்தான், பொய் எழுதினவரும் பொலிஸ்தான். இரண்டு பேரையும் விட்டுவிட்டு, எங்களுக்காகவே மூன்று நாளும் எழுத மறுத்த ஒருவரைத் தேடிப் பிடித்துச் சபித்தேன் என்பதுதான் நான் செய்தது.

இப்போது லயத்தில் யார் பொலிசுக்குப் போனாலும் நான் கூடப் போகிறேன். வாசித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடவிடுவதில்லை. வாய்க்காரி என்று அங்கே எனக்குப் பெயர். இருக்கட்டும். தமிழ் எழுதுகிறவர் வேண்டும் என்று மனு ஒன்று எழுதி, ஐம்பது கையெழுத்து சேர்க்க வீடு வீடாக அலைகிறேன். பொலிசோடு நமக்கென்ன என்று கதவைச் சாத்துகிறார்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கேற்றினால் என் முதல் வேண்டுதல் அந்தச் சார்ஜனுக்குத்தான். அவர் கை கால் சுகமாக இருக்க வேண்டும், அவர் அம்மா நிம்மதியாகச் சாப்பிட வேண்டும். இரண்டாவது, அந்த மேசையில் எங்கள் எழுத்துத் தெரிந்த ஒருவர் உட்கார வேண்டும். முதலாவதை அம்மனிடம்தான் கேட்க முடியும், ஏனென்றால் பாவம் என்னுடையது. ஆனால் அரசாங்கம் செய்ய வேண்டிய இரண்டாவதையும் சாமியிடமே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் கூடாது.